அமெரிக்கச் சட்டக் கல்லூரியிலிருந்து பொதுநலச் சட்டப் பணிக்கு: கடன், ஃபெலோஷிப், முன்னாள் மாணவர் துணை - முழுமையான வழிகாட்டி

நியூயார்க்கின் பெரிய சட்ட நிறுவனம் ஒன்றில் முதலாண்டு வழக்கறிஞருக்கு அடிப்படைச் சம்பளம் 2,25,000 டாலர். வாடகை வீட்டிலிருந்து வெளியேற்றப்படும் ஏழைக் குடும்பத்துக்காக வாதாடும் சட்ட உதவி அலுவலகத்தில் அதே ஆண்டு தேறியவருக்குப் பெரும்பாலும் 60,000 முதல் 70,000 வரை கிடைக்கும். இருவரும் படித்தது ஒரே வகுப்பு, வாங்கிய கடனும் ஒன்றே. இந்த இடைவெளியை அடைக்க, பத்தாண்டு பொதுச் சேவைக்குப் பின் கிடைக்கும் அரசின் கடன் தள்ளுபடி, கல்லூரியின் கடன் உதவித் திட்டம், புதியவரின் சம்பளத்தை வெளியார் தரும் ஃபெலோஷிப், முன்னாள் மாணவர்கள் தரும் பணம் என நான்கு வழிகள் உண்டு. எந்த ஒன்றும் தனியாகப் போதாது. ஒன்று விட்ட இடத்தை இன்னொன்று தொட வேண்டும். அப்படித் தொடாத இடங்களில்தான் நல்ல வழக்கறிஞர்கள் மூன்றாம் ஆண்டிலேயே பணியை விட்டுப் போகிறார்கள்.

பொதுநலச் சட்டப் பணி என்று இங்கே சொல்வது சிவில் சட்ட உதவி அலுவலகங்கள், குற்ற வழக்கில் ஏழைகளுக்கு அரசு செலவில் வாதாடும் பப்ளிக் டிஃபெண்டர் அலுவலகங்கள், லாப நோக்கற்ற சட்ட அமைப்புகள், அரசு வழக்கறிஞர் பணிகள் ஆகியவற்றை. குற்ற வழக்கில் பணமில்லாதவருக்கு அரசு செலவில் வழக்கறிஞர் தர வேண்டும் என்று கிடியன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1963-இல் தீர்ப்பளித்தது. சிவில் வழக்குகளில் பொதுவாக அப்படி ஓர் உரிமை இல்லை. அந்தப் பக்கம் வேலைகள் குறைவாகவும் நன்கொடையை நம்பியும் இருப்பதற்கு இதுவே அடிப்படைக் காரணம்.

1. கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் முன்: கடன் வகையைப் பாருங்கள்

பலரும் மொத்தக் கடன் எவ்வளவு என்று மட்டும் பார்க்கிறார்கள். அதைவிட முக்கியம், அந்தக் கடன் யாருடையது என்பது. மத்திய அரசு நேரடியாகத் தரும் 'டைரக்ட் லோன்' மட்டுமே அரசின் கடன் தள்ளுபடிக்குத் தகுதி பெறும். தனியார் வங்கிக் கடனில் ஒரு டாலர்கூடத் தள்ளுபடி ஆகாது.

2025 ஜூலையில் நிறைவேறிய சட்டம் இந்தக் கணக்கையே மாற்றிவிட்டது. அதுவரை கிராட் பிளஸ் கடன் மூலம் படிப்புச் செலவு முழுவதையும் மத்திய அரசிடமே வாங்கலாம். 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குபவர்களுக்கு அந்த வழி இல்லை. சட்டம் போன்ற தொழில்முறைப் படிப்புகளுக்கு ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2,00,000 டாலர் என்று உச்சவரம்பு. மூன்றாண்டுப் படிப்புக்கு 1,50,000 வரை கிடைக்கும். கட்டணமும் தங்குமிடமும் சேர்த்து ஆண்டுக்கு 1,00,000 டாலரைத் தாண்டும் தனியார் கல்லூரிகள் பல. மீதியை எங்கே வாங்குவது? பெரும்பாலும் தனியார் வங்கியில்தான். (ஏற்கெனவே கிராட் பிளஸ் வாங்கிப் படித்துக்கொண்டிருப்பவர்களுக்குச் சில ஆண்டுகள் விலக்கு உண்டு. உங்களுக்குப் பொருந்துமா என்று கல்லூரியின் நிதி உதவி அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.)

ஒரு கணக்கைப் பாருங்கள். வரிக் கணக்கில் வருடாந்திர வருமானம் 66,000 டாலர். அரசுக் கடன் 1,50,000. வருமானத்தை வைத்துத் தவணையை முடிவு செய்யும் அரசின் புதிய 'ராப்' திட்டத்தில் 60,000-க்கு மேல் 70,000 வரை வருமானம் உள்ளவர் அதில் 6 சதவீதம் கட்ட வேண்டும்: ஆண்டுக்கு 3,960, மாதம் 330 டாலர். கடன் தொகை எவ்வளவு என்பது இந்தத் தவணையை மாற்றாது. இப்போது தனியார் கடன் 60,000 டாலர், 9 சதவீத வட்டி, பத்தாண்டு என்று வையுங்கள். மாதம் ஏறத்தாழ 760 டாலர். சிறிய கடனின் தவணை, பெரிய கடனின் தவணையைப் போல இரு மடங்குக்கும் மேல். வேலை போனாலும் சம்பளம் குறைந்தாலும் தனியார் வங்கி தவணையைக் குறைக்கக் கடமைப்பட்டதல்ல. ஆகவே பொதுநலப் பணிக்குப் போக நினைப்பவர், தரவரிசையில் சில படிகள் கீழே இருந்தாலும் தனியார் கடன் தேவைப்படாத கல்லூரியைத் தேர்வது பெரும்பாலும் சரியான முடிவு.

குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாத மாணவர்களுக்கு அரசுக் கடன் பொதுவாகக் கிடைக்காது. படிப்பு முடிந்ததும் வேலை செய்யக் கிடைக்கும் ஓ.பி.டி. அனுமதி 12 மாதங்கள்தான். அறிவியல் பட்டங்களுக்கு உள்ள நீட்டிப்பு சட்டப் படிப்புக்கு இல்லை. இரண்டாண்டு ஃபெலோஷிப்புக்கு விண்ணப்பிக்கும் முன் இரண்டாம் ஆண்டுக்கு விசா எப்படி என்று அமைப்பிடம் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

2. முதல் கோடை: சிறிய தொகை, கறாரான தேதி

பொதுநல அமைப்புகள் கோடைப் பயிற்சியாளருக்குப் பெரும்பாலும் சம்பளம் தருவதில்லை. அந்த இடத்தில் கல்லூரியின் கோடை நல்கை வருகிறது. முன்னாள் மாணவர் நன்கொடை, மாணவர்களே நடத்தும் ஏலம், படித்துக்கொண்டே வேலை செய்யும் மாணவருக்கான மத்திய அரசின் ஒர்க்-ஸ்டடி நிதி என்று பல ஊற்றுகளிலிருந்து இந்தப் பணம் திரள்கிறது. ஏலத்தில் பேராசிரியருடன் ஒரு விருந்து, முன்னாள் மாணவரின் கடற்கரை வீட்டில் ஒரு வாரம் என்றெல்லாம் விற்பார்கள். வேடிக்கையாகத் தோன்றினாலும் சில கல்லூரிகளில் கோடை நல்கையின் முதுகெலும்பே அதுதான்.

இங்கே பணத்தை இழக்க வைப்பது தகுதிக் குறைவு அல்ல, தேதி. நல்கை விண்ணப்பத்தின் கடைசி நாள் பல கல்லூரிகளில் பயிற்சி இடம் உறுதியாவதற்கு முன்பே வந்துவிடும். இடம் கிடைத்த பிறகு விண்ணப்பிக்கலாம் என்று காத்திருந்தால் கதவு மூடிவிடும். குறைந்தபட்ச வாரங்கள், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், தன்னார்வ மணி நேரக் கட்டாயம், வேறு நல்கையுடன் சேர்த்துப் பெறலாமா - இந்த நான்கையும் குளிர்கால விடுமுறைக்கு முன்பே கேட்டு எழுதி வையுங்கள்.

நியூயார்க்கில் வழக்கறிஞராகப் பதிவு செய்ய நினைப்பவர்கள் 50 மணி நேரக் கட்டணமில்லாச் சட்டப் பணியை முடித்திருக்க வேண்டும். கோடைப் பயிற்சி மணி நேரத்தை இதற்குக் கணக்கில் கொள்ளலாம். ஆனால் மேற்பார்வையாளர் கையொப்பம் வேண்டும். பயிற்சி முடியும் நாளிலேயே வாங்கிவிடுங்கள். இரண்டு ஆண்டு கழித்துத் தேடினால் அவர் அந்த அலுவலகத்தில் இருக்கமாட்டார்.

3. முன்னாள் மாணவர்களை அணுகுவது

பெயர் பெற்ற நீதிபதிக்கும் பெரிய சட்ட நிறுவனத்தின் மூத்த பங்குதாரருக்கும் கடிதம் எழுதுவது பொதுவான வழக்கம். பயன் குறைவு. உங்களுக்கு வேண்டியவர் படிப்பு முடித்து இரண்டு முதல் ஆறு ஆண்டுகள் ஆனவர். எந்த அலுவலகம் இந்த ஆண்டு ஆள் எடுக்கிறது, நேர்முகத்தில் என்ன மாதிரி வழக்கைக் கொடுத்து வாதாடச் சொல்வார்கள், கல்லூரியின் உதவித் திட்டத்தில் பணம் உண்மையில் எந்த மாதம் வருகிறது - இதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.

இவர்களைக் கண்டுபிடிக்கச் சிறந்த இடம் கல்லூரியின் முன்னாள் மாணவர் இதழில் வரும் ஆண்டுவாரிச் செய்திப் பகுதி. கடந்த ஐந்தாறு இதழ்களை எடுத்து வைத்து, சட்ட உதவி, டிஃபெண்டர், குடியேற்றம், வீட்டுரிமை போன்ற சொற்கள் வரும் வரிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கல்லூரியின் பொதுநலப் பணி ஆலோசகரிடம் அந்தப் பட்டியலைக் காட்டினால், யார் மாணவர்களுடன் பேசச் சம்மதித்திருக்கிறார் என்று சொல்வார். தேசிய அளவில் பி.எஸ்.ஜே.டி. என்னும் வேலைவாய்ப்புத் தளத்தில் பொதுநலச் சட்டப் பணிகள் தொகுக்கப்படுகின்றன. அங்கே விளம்பரம் வந்த அலுவலகத்தில் உங்கள் கல்லூரிக்காரர் இருக்கிறாரா என்று பொருத்திப் பாருங்கள்.

மின்னஞ்சல் ஐந்து வரிக்குள் இருக்கட்டும்: நீங்கள் யார், எந்த ஆண்டு, அவர் செய்யும் வேலையில் எதைப் பற்றிக் கேட்க விரும்புகிறீர்கள், இருபது நிமிடம் கிடைக்குமா. வேலை கேட்காதீர்கள், தற்குறிப்பையும் இணைக்காதீர்கள். டிஃபெண்டர் அலுவலகங்களில் இருப்பவர்கள் பகல் முழுக்க நீதிமன்றத்தில் இருப்பதால் பதில் தாமதமாகும். பத்து நாள் கழித்து ஒரு முறை நினைவூட்டலாம். அதற்கு மேல் வேண்டாம். பேசியபின் நீங்கள் எங்கே சேர்ந்தீர்கள் என்று ஆறு மாதம் கழித்து ஒரு வரி எழுதுங்கள். பெரும்பாலான மாணவர்கள் இதைச் செய்வதில்லை. செய்பவரை அவர்கள் மறப்பதுமில்லை.

4. ஃபெலோஷிப்: வேலையை நீங்களே உருவாக்குவது

லாப நோக்கற்ற அமைப்புகள் பலவற்றில் புதியவரை எடுக்க நிதி இருக்காது. சம்பளத்தை வெளியிலிருந்து கொண்டுவரும் ஏற்பாடுதான் ஃபெலோஷிப். ஸ்காடன் ஃபெலோஷிப் 1988-இல் தொடங்கியது. ஈக்வல் ஜஸ்டிஸ் ஒர்க்ஸ் 1986-இல் சட்ட மாணவர்கள் தொடங்கிய அமைப்பு. அதன் ஃபெலோஷிப்புகளுக்குச் சட்ட நிறுவனங்களும் பெருநிறுவனங்களும் பணம் தருகின்றன. இரண்டும் பெரும்பாலும் இரண்டாண்டுக் காலம். விண்ணப்பம் மூன்றாம் ஆண்டுத் தொடக்கத்தில், இலையுதிர் காலத்தில். அதாவது அமைப்பைத் தேடும் வேலை இரண்டாம் ஆண்டு வசந்த காலத்திலேயே தொடங்க வேண்டும். இரண்டாம் கோடையில் அதே அமைப்பில் பயிற்சி எடுத்தால் திட்டத்தை அங்கேயே இருந்து எழுதலாம்.

திட்ட வரைவில் எதற்கு எடை என்றால்: யாருக்காக, அவர்களுக்கு இப்போது எந்தச் சட்ட உதவி கிடைக்கவில்லை, ஏன் இந்த அமைப்பு, முதல் ஆறு மாதத்தில் எத்தனை வழக்கு, எத்தனை பயிற்சி முகாம், இரண்டாண்டு முடிந்தபின் எது நிலைத்திருக்கும். 'விழிப்புணர்வு ஏற்படுத்துவேன்' என்று எழுதிய வரைவு முதல் சுற்றிலேயே விழும். அமைப்பு ஏற்கெனவே செய்யும் வேலைக்குக் கூடுதல் கை சேர்ப்பதுபோல் தோன்றும் வரைவும் அப்படியே. பணம் தருபவர் புதிய வேலையைத்தான் விரும்புவார், காலியிடத்தை நிரப்புவதை அல்ல.

அதிகம் கவனிக்கப்படாத ஒரு சிக்கல். 1974-இல் நாடாளுமன்றம் ஏற்படுத்திய லீகல் சர்வீசஸ் கார்ப்பரேஷனிடம் நிதி பெறும் அலுவலகங்கள் 1996 முதல், பலருக்காகச் சேர்த்துத் தொடுக்கும் கூட்டு வழக்குகளை நடத்த முடியாது. குடியுரிமை இல்லாதவர்களில் பெரும்பாலானோருக்கு வாதாடவும் தடை உண்டு. இந்தத் தடை அந்த அலுவலகத்தின் மற்ற நிதிக்கும் பொருந்தும். ஆவணமில்லாத் தொழிலாளர்களுக்காகக் கூட்டு வழக்கு என்று திட்டம் எழுதி, அப்படிப்பட்ட அலுவலகத்தை நீங்கள் பணிபுரியப்போகும் அமைப்பாகக் காட்டினால் வரைவு அங்கேயே செத்துவிடும். நிதி எங்கிருந்து வருகிறது என்பதை முதல் சந்திப்பிலேயே கேளுங்கள்.

வரைவை முன்னாள் ஃபெலோ ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். 'எப்படி இருக்கிறது' என்று கேட்டால் 'நன்றாக இருக்கிறது' என்பார். 'எந்தப் பத்தியில் நம்பிக்கை குறைந்தது?' என்று கேளுங்கள்.

ஃபெலோஷிப் கிடைத்ததும் சம்பளம் யார் பெயரில் வருகிறது என்று பார்க்க வேண்டும். டபிள்யூ-2 என்னும் ஆண்டுச் சம்பளப் படிவம் பெறும் ஊழியராக இருந்தால்தான் கடன் தள்ளுபடிக் கணக்கில் அந்த மாதங்கள் சேரும். சில கல்லூரி ஃபெலோஷிப்புகள் பணத்தை வெறும் உதவித்தொகையாகத் தருகின்றன; அப்போது ஓராண்டு உழைப்பு கணக்கில் வராமல் போகலாம். அதேபோல் மனித உரிமை வழக்குகளையே நடத்தினாலும் லாப நோக்குள்ள தனியார் சட்ட நிறுவனம் தகுதி பெறாது.

5. பட்டத்துக்கும் முதல் சம்பளத்துக்கும் நடுவே

மே மாதம் பட்டம், ஜூலை கடைசியில் வழக்கறிஞராகப் பதிவு செய்வதற்கான பார் தேர்வு, செப்டம்பரில் வேலை. இந்த மூன்று நான்கு மாதங்கள் வருமானம் இல்லை. பெரிய நிறுவனங்கள் பயிற்சி வகுப்புக் கட்டணத்தையும் முன்பணத்தையும் தந்துவிடும். பொதுநல அமைப்புகள் பெரும்பாலும் தருவதில்லை. பார் தேர்வுக் கடன் என்று தனியார் வங்கிகள் விற்பது இந்த நேரத்தில்தான். கல்லூரியில் பார் உதவித்தொகை உண்டா என்று மூன்றாம் ஆண்டு ஜனவரியிலேயே விசாரியுங்கள்.

இன்னொரு வேலையும் இருக்கிறது. மூன்றாம் ஆண்டில் வருமானம் மிகக் குறைவாக இருந்தாலும் வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்யுங்கள். முதல் ஆண்டுத் தவணை அந்தக் கணக்கை வைத்தே முடிவாகலாம். ராப் திட்டத்தில் குறைந்தபட்சம் மாதம் 10 டாலர்தான்.

6. கல்லூரியின் கடன் உதவித் திட்டம்

எல்ராப் என்று எல்லோரும் சொல்லும் இந்தத் திட்டங்களில் ஹார்வர்டின் திட்டம் 1978-இல் தொடங்கியது. கல்லூரி பணத்தைப் பெரும்பாலும் நேரடி நன்கொடையாகத் தராது. கடனாகத் தந்து, ஆறு மாதமோ ஓராண்டோ தகுதியான பணியில் இருந்தபின் தள்ளுபடி செய்யும். வரிச் சட்டத்தின் 108(எஃப்) பிரிவின்படி அப்படித் தள்ளுபடியாகும் தொகைக்கு வரி இல்லை என்பதே காரணம். அந்தக் காலம் முடியும் முன் வேலையை விட்டால் அந்தத் தொகையைத் திருப்பிக் கட்ட நேரிடலாம்.

சேருமுன் கேட்க வேண்டியவை:

- தனியார் கடனின் தவணைக்கும் உதவி உண்டா, எவ்வளவு வரை?
- வாழ்க்கைத் துணையின் சம்பளம், அவருடைய கடன் எப்படிக் கணக்கிடப்படுகின்றன?
- சம்பள வரம்பைத் தாண்டினால் உதவி படிப்படியாகக் குறையுமா, ஒரேயடியாக நிற்குமா?
- மகப்பேறு விடுப்பு, பகுதி நேரப் பணி, வேலை மாறும் இடைவெளி?
- பட்டம் பெற்று எத்தனை ஆண்டுக்குள் சேர வேண்டும்?

2026-க்குப் பிறகு சேருபவர்களுக்கு முதல் கேள்வியே வாழ்வா சாவா கேள்வி. பழைய விதிகளை வைத்திருக்கும் கல்லூரிகள் சில, அரசுத் தவணையை மட்டுமே ஈடுசெய்யும். மேலே சொன்ன கணக்கில் 330 டாலரை அவர்கள் தருவார்கள், 760 உங்கள் தலையில்.

கல்லூரிக்கு வெளியிலும் சிறு உதவிகள் உண்டு. லீகல் சர்வீசஸ் கார்ப்பரேஷன் தன் நிதி பெறும் அலுவலக வழக்கறிஞர்களில் தேர்ந்தெடுத்தவர்களுக்கு ஆண்டுக்கு 5,600 டாலர் வரை தருகிறது. அரசுத் தரப்பு வழக்கறிஞர்களுக்கும் டிஃபெண்டர்களுக்கும் ஜான் ஆர். ஜஸ்டிஸ் திட்டம் இருக்கிறது. மூன்றாண்டு பணியில் இருப்பேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும், மாநில வாரியான ஒதுக்கீடு என்பதால் கையில் வருவது பெரும்பாலும் சொற்பம்.

7. பத்தாண்டுத் தள்ளுபடி: காகிதத்தை விடாதீர்கள்

பொதுச் சேவைக் கடன் தள்ளுபடி, சுருக்கமாக பி.எஸ்.எல்.எஃப்., 2007-இல் வந்தது. அரசிலோ, வரிவிலக்குப் பெற்ற லாப நோக்கற்ற 501(சி)(3) அமைப்பிலோ வாரம் சராசரி 30 மணி நேரம் வேலை. தகுதியான திட்டத்தில் 120 மாதத் தவணை. மிச்சக் கடன் தள்ளுபடி, மத்திய வருமான வரியும் இல்லை. 120 மாதங்களும் தொடர்ச்சியாக இருக்க வேண்டியதில்லை. இரண்டு பகுதி நேர வேலைகள் சேர்ந்து 30 மணி ஆனாலும் போதும், இரண்டுமே தகுதியான அமைப்பாக இருந்தால்.

2017-இல் முதல் விண்ணப்பங்கள் வந்தபோது மிகப் பெரும்பாலானவை நிராகரிக்கப்பட்டன. தவறான கடன் வகை, தவறான தவணைத் திட்டம், நிரப்பாத கட்டங்கள் ஆகியவையே பெரும்பாலும் காரணம். இன்று அதே தவறு வேறு வேடத்தில் வருகிறது: குறைந்த வட்டி என்ற விளம்பரத்தை நம்பி அரசுக் கடனைத் தனியார் வங்கிக்கு மாற்றுவது. மாற்றிய அன்றே தள்ளுபடி உரிமை போய்விடும், திரும்ப வராது. அரசுக் கடன்களை ஒன்றாக இணைப்பதிலும் இப்போது எச்சரிக்கை வேண்டும். 2026 ஜூலைக்குப் பின் இணைத்தால் அது புதிய கடனாகக் கருதப்பட்டு, ஐ.பி.ஆர். போன்ற, வருமானத்தை வைத்துக் கணக்கிடும் பழைய தவணைத் திட்டங்கள் கைவிட்டுப் போகும்.

வேலையில் சேர்ந்த முதல் மாதமே டபிள்யூ-2 அல்லது மனிதவளப் பிரிவிடமிருந்து நிறுவனத்தின் ஈ.ஐ.என். என்னும் வரி அடையாள எண்ணை வாங்கி, அரசின் மாணவர் உதவித் தளத்தில் தகுதியைச் சரிபாருங்கள். பிறகு ஆண்டுக்கொரு முறையும் வேலையை விடும் நாளிலும், அங்கே வேலை செய்ததற்கான சான்றுப் படிவத்தில் நிறுவனத்தின் கையொப்பம் வாங்குங்கள். சிறிய அமைப்புகள் மூடப்படும். அதற்குப் பிறகு கையொப்பமிட ஆள் தேடுவது பெரும்பாடு. தவணைக் கணக்குப் பக்கத்தை ஆறு மாதத்துக்கு ஒரு முறை படமெடுத்து வையுங்கள், கடனை நிர்வகிக்கும் நிறுவனம் மாறும்போதெல்லாம் எண்ணிக்கை தடுமாறும்.

'கணிசமான சட்டவிரோத நோக்கம்' கொண்டதாகக் கல்வித் துறை முடிவு செய்யும் அமைப்புகளை இத்திட்டத்திலிருந்து நீக்கலாம் என்ற விதி 2025 அக்டோபரில் வெளியானது. அதை எதிர்த்து வழக்குகளும் தொடுக்கப்பட்டன. குடியேற்றச் சட்ட உதவி அமைப்புகளில் இருப்பவர்கள் ஆண்டு முடியும்வரை காத்திராமல் சான்றிதழை அடிக்கடி புதுப்பித்துக்கொள்வது நல்லது.

ராப் திட்டத்தில் படிக்கட்டு போன்ற ஒரு தாவல் உண்டு. வருமானம் 70,000-ஐத் தாண்டினால் கூடுதல் தொகைக்கு மட்டுமல்ல, முழு வருமானத்துக்கும் 7 சதவீதம். 71,500 டாலர் வருமானத்துக்கு மாதம் 417. அதில் 2,000 டாலரை வரிக்கு முந்தைய ஓய்வூதியக் கணக்கில் போட்டால் வருமானம் 69,500 ஆகி, தவணை சுமார் 348 ஆகும். ஆண்டுக்கு 800 டாலருக்கும் மேல் மிச்சம், ஓய்வூதியமும் சேரும். திருமணமானவர்கள் தனித்தனியாக வரிக் கணக்குத் தாக்கல் செய்தால் தவணை குறையும். ஆனால் வரி கூடலாம். இரண்டையும் போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

8. முன்னாள் மாணவர்களுக்கு: பணத்தை எங்கே வைப்பது

நன்கொடையாளர் பலர் தங்கள் பெயரில் நிரந்தர அறக்கட்டளை வைக்க விரும்புகிறார்கள். ஆண்டுக்கு 4 சதவீதம் எடுக்கலாம் என்றால், ஒரு மாணவருக்கு 6,000 டாலர் கோடை நல்கை தர 1,50,000 டாலர் மூலதனம் வேண்டும். அதே 6,000 டாலரை 150 பேர் ஆண்டுக்கு 40 டாலர் கொடுத்தும் திரட்டலாம், இந்தக் கோடையிலேயே. வகுப்புச் சங்கம் சிறியதாக இருந்தால் இரண்டாவது வழியே மேல். பெரிய நிறுவனங்களில் இருப்பவர்கள் தங்கள் நன்கொடையோடு நிறுவனமும் இணைத் தொகை சேர்த்துத் தருமா என்று கேட்க வேண்டும். கேட்காததால் வராமல் போகும் பணம் நிறைய.

அரசுத் திட்டம் தொடாத இடங்களுக்குப் பணத்தைக் குறிவையுங்கள்: தனியார் கடன் தவணை, பார் தேர்வுக் காலம், கோடை. நன்கொடைக் கடிதத்தில் 'பொதுநலப் பணியிலுள்ள பட்டதாரிகளின் கடன் உதவிக்கு, தனியார் கல்விக் கடன் உட்பட. செலவாகாதது அடுத்த ஆண்டுக்குச் செல்லும்' என்று தெளிவாக எழுதுங்கள். 'பொதுநலத்துக்கு' என்று மட்டும் எழுதினால் அது கருத்தரங்கச் செலவாகவும் மாறலாம். பெறுபவரை நீங்களே பெயர் சொல்லித் தேர்ந்தெடுக்க முடியாது. அப்படிச் செய்தால் வரிவிலக்கு போய்விடும்.

சங்க இதழை நடத்துபவர்களுக்கு ஒரு சொல். பெரிய சட்ட நிறுவனங்களில் பங்குதாரர் ஆனவர்களின் செய்தி தானாக வந்து சேரும், அவர்களுடைய நிறுவனத்தில் அதற்கென்றே ஆள் இருக்கிறார். டிஃபெண்டர் அலுவலகத்தில் இருப்பவர் எழுதி அனுப்பமாட்டார். நீங்கள்தான் கேட்க வேண்டும். எல்ராப் பெறுபவர்களுக்கான ஆண்டுப் படிவத்திலேயே 'இதழில் வெளியிடலாமா, மாணவர்களுடன் பேசுவீர்களா, கோடைப் பயிற்சியாளரை எடுப்பீர்களா' என்று மூன்று கட்டங்களைச் சேர்த்தால் பாதி வேலை முடிந்தது. உதவி பெறுகிறார் என்பதை மட்டும் இதழில் போடாதீர்கள், அது அவருடைய கடன் விவரம். கட்சிக்காரரின் பெயரையும் அடையாளம் தெரியும் வழக்கு விவரத்தையும் நீக்குங்கள். குடும்ப வன்முறை வழக்குகளை நடத்துபவரின் அலுவலக முகவரி, படம் இரண்டையும் வெளியிடும் முன் அவரிடம் தனியாகக் கேளுங்கள்.